சித்ரா பௌர்ணமி வாக் ஓவர்

எங்கள் ஊர்க் கால்பந்து லீக்கின் பரிசளிப்பு விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. லீக் ஆரம்பித்த நாளிலிருந்து பல வருடம் செயலாளராக இருந்தவர் மைக்கைப் பிடித்துப் பழைய கதை சொல்லிக்கொண்டிருந்தார். எந்த அணி எப்போது ஜெயித்தது, யார் நல்ல கோல் போட்டார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் நடுவில் நிறுத்திச் சிரித்தார்.

"ஒரு வருஷம் பி டிவிஷன் கடைசி மேட்சே நடக்கல. அடி அண்ணாமலை டீம் வரவே இல்ல. எங்க ஆளுங்கள பார்த்து பயந்துட்டாங்களோ, இல்ல சாமி கும்புட போயிட்டாங்களோ, யாருக்குத் தெரியும்?"

மண்டபமே சிரித்தது. கடைசி வரிசையில், தண்ணீர் கேன் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். அந்த அணியில் லெஃப்ட் பேக் ஆடியவன் நான். பக்கத்திலிருந்த பையன் கூடச் சிரித்தான். நான் யார் என்று அவனுக்குத் தெரியாது. எனக்குக் காது இரண்டும் கொதித்தது.

நாங்கள் வந்தோம். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் பேசத் தெரிந்தவன் இல்லை. பத்தாவது முடித்ததும் மோட்டார் காயில் கட்டும் வேலைக்குப் போனேன். இன்றுவரை அதுதான் தொழில். கடைக்கு வருகிறவர் பேரம் பேசினால்கூட எனக்குப் பதில் வராது, தலையை ஆட்டிவிடுவேன். ஆட்டத்திலும் அப்படித்தான். பின்னால் ஆள் வருகிறான் என்று நம் ஆளுக்குக் கத்திச் சொல்வதுதான் பேக் ஆடுகிறவனின் பாதி வேலை. எனக்கு அது வராது. எங்கள் கேப்டன் மைதானத்தின் அந்தப் பக்கத்திலிருந்து கத்துவார். "வாயத் தொறடா! ஊமை மாதிரி நின்னா அவனுக்கு எப்படிடா தெரியும்?" நான் வாயைத் திறக்காமல் ஓடிப்போய் நானே பந்தை எடுத்துவிடுவேன். அது எனக்குச் சுலபம்.

எண்பத்தொன்பதில் மாவட்டம் பிரிந்தது. அதுவரை எங்களுக்கு எல்லாமே வேலூர்தான். பந்து ஆடுகிறவனும் மாவட்ட அணித் தேர்வுக்கு அங்கேதான் போய் நிற்க வேண்டும். விடியற்காலை பஸ் பிடித்துப் போனால், "திருவண்ணாமலையா? அங்க பந்தெல்லாம் ஆடுவாங்களா?" என்று கேட்பான் ஒருவன். வெயிலில் நின்று நின்று, நம் பேரைக் கூப்பிடாமலே சாயங்காலம் ஆகிவிடும். திரும்பி வர வேண்டியதுதான். மாவட்டம் தனியாக வந்த சமயத்தில் ஊரிலிருந்த கிளப்காரர்கள் சிலர், இனி நாமே ஒரு லீக் நடத்துவோம் என்று ஆரம்பித்தார்கள். கடைவீதிப் பிள்ளைகள் ஒரு அணி, பஸ் டெப்போ ஆட்கள் ஒரு அணி, கல்லூரி பையன்கள் ஒரு அணி, லாட்ஜ்காரர் ஒருவரின் அணி, சுற்றிலும் உள்ள கிராமங்களிலிருந்து நாலைந்து அணி. அதை ஆரம்பித்தது நல்ல காரியம், நான் இல்லை என்று சொல்லவில்லை. அந்த முதல் இரண்டு வருடம் வேலை முடிந்ததும் சைக்கிளில் பூட்ஸைத் தொங்கவிட்டுக்கொண்டு போகும்போது எனக்கு இருந்த தெம்பு பிறகு எதிலும் இல்லை.

லாட்ஜ்காரர் என்று சொன்னேனே, அவர்தான் செயலாளர். தன் அணியும் ஆட வேண்டும், அட்டவணையும் தானே போட வேண்டும். இதில் என்ன தப்பு என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

லீக்கில் ஏ டிவிஷன், பி டிவிஷன் என்று இரண்டு இருந்தது. ஏ டிவிஷன் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஜனம் வரும், மைக் கட்டி யார் பந்தை எடுத்தார் என்று சொல்வார்கள். கோலுக்கு வலை கட்டுவார்கள். பி டிவிஷன் ஆட்டம் வாரநாளில், வெயில் தாழாத நேரத்தில். மைக் கிடையாது. வலை கிடையாது. இரண்டு சவுக்குக் கட்டை, மேலே ஒரு குறுக்குக் கட்டை, அவ்வளவுதான். பந்து உள்ளே போனால் பின்னாலிருக்கும் முள்ளுக்குள் போய் விழும். உள்ளே போச்சா, வெளியே போச்சா என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் சண்டை. எங்கள் ஃபார்வர்டு ஒருவன் போட்ட நல்ல கோல் ஒன்றை ரெஃப்ரி கட்டைக்கு வெளியே போனது என்று சொல்லிவிட்டார். அவன் அன்று மைதானத்திலேயே உட்கார்ந்து அழுதான். "வலை இருந்தா இப்படிச் சொல்லுவானாண்ணா இந்த ஆளு?" என்று கேப்டனிடம் கேட்டான்.

அன்றிலிருந்து எங்கள் அணிக்கு ஒரே ஆசைதான். வலை கட்டிய கோலில் ஆட வேண்டும். ஏ டிவிஷன் என்று நாங்கள் சொல்லவே மாட்டோம். "அடுத்த வருஷம் வலைல ஆடுறோம்" என்றுதான் சொல்வோம்.

இங்கே எங்கள் அணியின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நடந்தது புரியாது.

மைதானம் செங்கம் ரோட்டில், கிரிவலப் பாதை வலது பக்கம் திரும்பும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது. அடி அண்ணாமலை மலைக்குப் பின்பக்கம். எங்கள் ஊரிலிருந்து மைதானத்துக்கு இரண்டு வழி. கிரிவலம் வருகிறவர்களுக்கு எதிர்ப்பக்கமாகப் போனால் சீக்கிரம் போய்விடலாம். அவர்கள் போகிற பக்கமாகவே, மலையை வலப்பக்கம் வைத்துப் போனால் வடக்கே சுற்றி, டவுனுக்குள் நுழைந்து, தேரடி தாண்டி, மறுபடி செங்கம் ரோடு பிடித்து வர வேண்டும். இரண்டு மடங்கு தூரம்.

லீக்கின் முதல் ஆட்டத்துக்குக் குறுக்கு வழியில் போனோம். ஆறு கோல் வாங்கினோம். அடுத்த ஆட்டத்தன்று அந்தப் பக்கம் ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள், தார் கொதித்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் டவுனைச் சுற்றிப் போனோம். ஜெயித்தோம். அதோடு கேப்டன் முடிவு பண்ணிவிட்டார். எந்த ஆட்டத்துக்கும் மலையை வலப்பக்கம் வைத்துத்தான் போக வேண்டும். தோற்றாலும் அப்படித்தான். தோற்றால், "எவன்டா நடுவுல இடப்பக்கமா திரும்பினது?" என்று கேட்பார். டவுன் அணிக்காரர்களுக்கெல்லாம் இது தெரியும். நாங்கள் சைக்கிளில் வந்து இறங்கும்போதே, "வலம் வர்ற டீம் வந்துடுச்சுடோய், தேங்கா உடைங்க" என்பார்கள். செயலாளருக்கும் தெரியும். அவரே எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம் பி டிவிஷனில் நாங்கள் முதல் இடத்தில் இருந்தோம். கடைசி ஆட்டம் லாட்ஜ்காரர் அணியோடு. சமமாக முடித்தாலே போதும், நாங்கள் மேலே போய்விடுவோம். அவர்கள் ஜெயித்தால் அவர்கள் மேலே போவார்கள். அந்த வருடம் அவர் ஆம்பூர் பக்கத்திலிருந்து மூன்று பேரை கெஸ்ட் ப்ளேயர் என்று காசு கொடுத்துக் கூட்டி வந்திருந்தார். அவருடைய அக்கா மகன்தான் அணிக்குக் கேப்டன்.

கடைசி ஆட்டத்துக்கு அவர் போட்ட தேதி சித்ரா பௌர்ணமி.

திருவண்ணாமலையில் லாட்ஜ் நடத்துகிற ஒரு மனிதருக்குச் சித்ரா பௌர்ணமி என்றைக்கு என்று தெரியாமல் இருக்குமா? இந்த ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். புது காலண்டர் வந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது பௌர்ணமிகளைத்தான். அந்த வருடங்களில்தான் பௌர்ணமிக் கூட்டம் மாதத்துக்கு மாதம் பெருகிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் அன்றைக்கு ஒரு கடை இருக்கும். கேப்டன் சோடா போடுவார். எங்கள் வீட்டில் சுக்குக் காபி. கோல்கீப்பர் இளநீர். அணியில் பாதிப் பேருக்கு அன்றைக்குக் கடையை விட்டு நகர முடியாது. நகர்ந்தாலும் ரோட்டில் நகர முடியாது.

கேப்டன் தேதியை மாற்றக் கேட்டு லாட்ஜுக்குப் போனார். நானும் கூடப் போனேன், வழக்கம் போல வாயைத் திறக்காமல் நின்றேன்.

"ஒரு நாள் தள்ளி வைங்கண்ணா. இல்ல ஒரு நாள் முன்னாடி வைங்க. எங்களுக்கு அன்னிக்குத்தான் பொழப்பு" என்றார் கேப்டன்.

செயலாளர் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார். "உங்களுக்கு மாசா மாசம் பௌர்ணமி வருது. லீக்கு வருஷத்துக்கு ஒரு தபாதான் வரும். எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க."

"எங்களுக்கு ரெண்டும் வேணும்ணா."

"ஜாஸ்தி ஆசைப்படாதப்பா."

பக்கத்தில் இருந்த அக்கா மகன் சிரித்தான். கேப்டன் வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டை ஓங்கி உதைத்துத் தள்ளினார். ஊர் வந்ததும் இறங்கி, "பதினோரு பேரும் போறோம். கடைய பொம்பளைங்க பார்த்துக்கட்டும்" என்றார்.

சித்ரா பௌர்ணமி அன்று மத்தியானம் எல்லோரும் அவருடைய சோடாக் கடை முன்னால் கூடினோம். அன்றைக்கு சைக்கிள் விட மாட்டார்கள், நடைதான். ஆட்டம் மூன்றரைக்கு. ரோடு முழுக்க ஜனம். அந்த வெயிலிலும் வெறுங்காலோடு தலையில் ஈரத் துண்டு போட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஃபார்வர்டு, அதே அழுத பையன், சொன்னான். "இன்னிக்கு ஒரு நாள் எதிர்ல போயிடலாம்ணா. கொல்லை வழியா குறுக்க உழுந்தா சீக்கிரம் போயிடலாம்."

"எதிர்லயா?" என்றார் கேப்டன். "இன்னிக்கா? ஊரே வலம் வருது, நாம மட்டும் இடமா போறதா? நம்மகிட்ட சோடா வாங்கிக் குடிக்கிற சனம்டா இது. அதுங்க மூஞ்சிக்கு நேரா எப்படிடா போவ?"

"தோத்துட்டா?"

"வலமா போய் எப்படிடா தோப்போம்?"

இது முட்டாள்தனம் என்று இன்றைக்குச் சொல்வது சுலபம். குறுக்கே வயலில் போயிருந்தால் நேரத்துக்கு முன்பே போயிருப்போம். ஆனால் எங்கள் பதினோரு பேரில் ஒருவனுக்கும் அன்று அந்தப் பக்கம் கால் எடுத்து வைக்க மனசு வரவில்லை. கேட்ட பையனே கடைசியில் பூட்ஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முதல் ஆளாக வடக்குப் பக்கம் நடந்தான். எங்கள் முட்டாள்தனத்தை நான் மறைக்கவில்லை. அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு அந்தத் தேதியைப் போட்டவனைப் பற்றித்தான் பேசுகிறேன்.

ஜெர்சியோடு வெறுங்காலில் கூட்டத்துக்குள் புகுந்து ஓடினோம். ஓட முடியவில்லை, நடந்தோம். பாட்டு பாடிக்கொண்டு போன ஒரு அம்மா எங்கள் முதுகு நம்பரைப் பார்த்து, "வேண்டுதலாப்பா?" என்று கேட்டார். "ஆமாம்மா" என்றான் கோல்கீப்பர். டவுனுக்குள் வந்தபோது கூட்டம் இறுகிவிட்டது. தேரடிக்குப் பக்கத்தில் போலீஸ்காரர்கள் குறுக்கே கயிறு பிடித்துக்கொண்டு, கொஞ்சம் பேரை விடுவதும் நிறுத்துவதுமாக இருந்தார்கள். நாங்கள் ஆறு பேர் தாண்டினோம். பின்னால் கயிறு விழுந்தது. கேப்டனும் கோல்கீப்பரும் இன்னும் மூன்று பேரும் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள்.

கேப்டன் கயிற்றுக்கு மேலே கையைத் தூக்கிக் கத்தினார். "நிக்காதீங்கடா, ஓடுங்க! போய் கோட்டுல நில்லுங்க! ரெஃப்ரிகிட்ட சொல்லுங்க, வந்துட்டோம்னு!"

ஓடினோம். செங்கம் ரோட்டில் எங்கே இடைவெளி கிடைத்ததோ அங்கெல்லாம் நுழைந்து ஓடினோம். என் வலது கால் பெருவிரலில் நகம் பெயர்ந்தது, அது மைதானத்தில் நின்ற பிறகுதான் தெரிந்தது.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது அவர்கள் பதினோரு பேரும் சட்டை மடிப்புக் கலையாமல் நின்றிருந்தார்கள். அன்றைக்கு அவர்கள் மேலே போகப்போகிறார்கள் என்று செயலாளர் மாலை, பட்டாசு எல்லாம் வாங்கி வைத்திருந்தார். கோலைப் பார்த்தேன். இரண்டு கோலுக்கும் வலை கட்டியிருந்தது. பி டிவிஷனுக்கு அதுவரை ஒரு முறைகூடக் கட்டாத வலை.

ஆறு பேரும் போய் நடுக்கோட்டில் நின்றோம். ரெஃப்ரி வந்து எண்ணினார்.

"ஏழு பேர் இருந்தாத்தான் ஆரம்பிக்க முடியும். ரூல் தெரியும் இல்ல?"

"வந்துட்டே இருக்காங்க சார். தேரடில கயிறு போட்டுட்டாங்க. பத்து நிமிஷம் சார்" என்றான் எங்கள் ஃபார்வர்டு.

ரெஃப்ரி செயலாளரைப் பார்த்தார். செயலாளர் கோட்டுக்கு வெளியே, சரியாக என் எதிரில் நின்றுகொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"டயம் ஆயிடுச்சு" என்றார்.

அப்போது நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ஆம்பூரிலிருந்து வந்த மூன்று பேரில் நெட்டையாக இருந்தவர் முன்னால் வந்தார். காசுக்கு ஆட வந்தவர் என்று நாங்கள் திட்டித் தீர்த்த ஆள். அவர் சொன்னார். "இருக்கட்டும் சார். பாவம், ஓடி வந்திருக்காங்க. கால்ல ரத்தம் பாருங்க. வெயிட் பண்ணுவோம். நாங்க ஆடத்தானே வந்தோம்?"

"நீ கம்முனு இரு. உன்ன யாரு கேட்டா?" என்றார் செயலாளர்.

ரெஃப்ரி விசில் ஊதினார். வாக் ஓவர், அதாவது எதிரணி வராததால் ஆடாமலே ஜெயம் என்றால், எங்கள் லீக்கில் ஒரு வழக்கம் உண்டு. வந்த அணி நடுவிலிருந்து பந்தைத் தட்டிக்கொண்டு போய் ஆளில்லாத கோலில் அடிக்க வேண்டும். அதோடு ஆட்டம் முடிந்ததாகக் கணக்கு. பந்தை அந்த நெட்டை ஆளின் காலில் வைத்தார்கள். அவர் தட்டிக்கொண்டு போனார். நாங்கள் ஆறு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம், கோட்டுக்குள்ளே நின்றோம், எங்களைத் தாண்டித்தான் போனார். கோலுக்குப் பக்கத்தில் போய் நின்று, நிதானமாக, பந்தைக் குறுக்குக் கட்டைக்கு மேலே தூக்கி முள்ளுக்குள் அடித்தார்.

எங்களைத் திரும்பிப் பார்த்தார். வெளியே போய் ஷூவைக் கழற்ற ஆரம்பித்தார்.

"இன்னாடா விளையாட்டு காட்டுற?" என்று செயலாளர் கத்தினார். அக்கா மகன் முள்ளிலிருந்து பந்தை எடுத்துவரச் செய்து, கோலுக்கு ஒரு கை தூரத்தில் வைத்து உள்ளே தட்டினான். வலை அசைந்தது. பட்டாசு வெடித்தார்கள்.

பட்டாசுப் புகை அடங்குவதற்குள் கேப்டனும் மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். கேப்டனுக்கு மூச்சு இரைத்தது. எங்கள் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. நேராகச் செயலாளரிடம் போனார்.

"பதினோரு பேர் நிக்கிறோம்ணா. வெளிச்சம் இருக்குது. ஆள் இருக்குது. ஆடுங்க."

"முடிஞ்சு போச்சுப்பா. சாமிய சுத்திட்டு மெதுவா வந்தா, லீக்கு நிக்குமா?"

"லீக்கு வேணாம். சும்மா ஆடுங்க. ஃப்ரெண்ட்லி. தோத்துட்டா ஒத்துக்கிறோம்."

ஆம்பூர்க்காரர் கழற்றிய ஷூவை மறுபடி மாட்டிக்கொண்டு எழுந்தார். நிஜமாகவே எழுந்தார். ஆனால் செயலாளர் பந்தை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "வண்டிங்க வரப்போகுது, கிளம்புங்க" என்றார். அதுவும் பொய் இல்லை. பௌர்ணமிக்கு வந்த டூரிஸ்ட் பஸ்கள் நிற்க இடமில்லாமல், அன்றைக்கு முதல் முறையாக மைதானத்துக்குள் திருப்பிவிடப்பட்டன. ஒரு பஸ் கோட்டுச் சுண்ணாம்பின் மேல் ஏறி வந்து பெனால்டி ஏரியாவில் நின்றது. அதிலிருந்து ஜனம் இறங்கி எங்களுக்கு நடுவில் பாய் விரித்துக் கட்டுச்சோறு பிரித்தார்கள்.

கேப்டன் கோலுக்குப் போனார். வலையைக் கையால் பிடித்துப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். "வாங்கடா" என்றார். வந்தோம், செங்கம் ரோட்டில் கூட்டத்தோடு கூட்டமாக, மலையை வலப்பக்கம் வைத்து. பாக்கி இருந்த சுற்றும் அப்படியே முடிந்தது.

வாக் ஓவர் கொடுத்த அணி அடுத்த வருடம் ஆடக்கூடாது என்று விதி இருந்தது. அதை எங்களுக்கு மட்டும் தவறாமல் கடைப்பிடித்தார்கள். ஒரு வருடம் ஆடாமல் இருந்தால் அணி அணியாக இருக்காது. ஃபார்வர்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். கோல்கீப்பர் இளநீர்க் கடையைப் பெரிதாக்கினார். மறுபடி சேரலாம் என்று கேப்டன் இரண்டு முறை கூப்பிட்டார். இரண்டு முறையும் ஏழு பேர் வந்தோம். "இப்ப மட்டும் கரெக்டா ஏழு பேர் வர்றீங்கடா" என்று சொல்லிவிட்டு அவர் விட்டுவிட்டார்.

லீக் என்ன ஆனது? அதையும் சொல்கிறேன். அந்த மைதானம் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் பஸ் நிறுத்துமிடமானது. மழை நாளில் டயர் பதிந்த பள்ளம் வெயிலில் காய்ந்து கல்லாகும். அதில் ஓடிக் கால் பிசகியவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. கெஸ்ட் ப்ளேயர் கூட்டி வர வசதி இல்லாத அணிகள் ஒவ்வொன்றாக நின்றன. முதலில் கிராமத்து அணிகள், பிறகு டெப்போ அணி. பி டிவிஷனே எடுத்துவிட்டார்கள். மிஞ்சிய நாலைந்து அணியும் உள்ளூரில் இரண்டு பேர், வெளியூரில் ஒன்பது பேர் என்று ஆடின. அப்புறம் அதற்கு யார் வந்து பார்ப்பார்கள்? ஊர்க்காரன் தன் ஊர் ஆளைப் பார்க்கத்தான் வருவான்.

எனக்கு வயிறு எரிவது அதற்குக்கூட இல்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு பௌர்ணமி அன்று லாட்ஜில் ஒரு அறைகூடக் கிடைக்காது என்று ஆனதும், அதே செயலாளர் லீக்கில் ஒரு புது விதி கொண்டுவந்தார். பௌர்ணமி அன்றும், அதற்கு முதல் நாளும், மறுநாளும் ஆட்டம் கிடையாது. காரணம் கேட்டவரிடம், "அன்னிக்கு எல்லாருக்கும் பொழப்பு இருக்குதுப்பா, எவன் வருவான்?" என்றாராம். இதை என் கடைக்கு மோட்டார் கொண்டுவந்த ஒரு பழைய ஆட்டக்காரர் சாதாரணமாகச் சொன்னார். என் கையிலிருந்த செம்புக் கம்பி அறுந்துவிட்டது. எங்கள் கேப்டன் வாயால் கேட்டபோது ஜாஸ்தி ஆசையாக இருந்தது, அவருடைய லாட்ஜ் நிறைந்தபோது விதியாகிவிட்டது.

அந்த மனிதர்தான் மண்டபத்தில் நின்று, அடி அண்ணாமலை டீம் வரவே இல்லை என்றார்.

பேச்சு முடிந்ததும் பழைய ஆட்டக்காரர்களை அணி அணியாக மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போட்டார்கள். "அடி அண்ணாமலை சார்புல யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார்கள். என்னைத் தெரிந்த ஒருவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். எப்படிப் படி ஏறினேன் என்று தெரியவில்லை. செயலாளர் என் தோளில் பொன்னாடையைப் போட்டுவிட்டு மைக்கில் சொன்னார். "வராத டீம்ல இருந்து வந்த ஒரே ஆளு!"

மறுபடி சிரிப்பு.

நான் மைக்கைப் பிடித்தேன். என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"வந்தோம்ங்க. ஆறு பேர் கோட்டுல நின்னோம். நீங்க எங்க எதிர்லதான் வாட்ச்ச பார்த்துட்டு இருந்தீங்க. அஞ்சு பேர் கயித்துக்கு அந்தாண்ட மாட்டிக்கிட்டாங்க. அவங்களும் வந்தாங்க. ஆடுங்கன்னு கேட்டோம். நீங்க பந்த எடுத்து கக்கத்துல வச்சுக்கிட்டீங்க."

மேடையில் உட்கார்ந்திருந்த அக்கா மகன் குனிந்து செல்போனைப் பார்த்தான். இப்போது அவன்தான் லீக்கின் பொருளாளர். வெற்றுக் கோலில் பந்தைத் தட்டியவன். அவனுக்கு ஞாபகம் இல்லாமல் இருக்காது.

மண்டபத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். நல்லாவே தட்டினார்கள். செயலாளரும் தட்டினார். என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டு, "ரொம்ப நல்லா பேசினாருப்பா! இந்த ஆளு பேசி நான் பார்த்ததே இல்ல!" என்றார். அடுத்த அணியைக் கூப்பிட்டார்.

அங்கிருந்து நேராகக் கேப்டனின் கடைக்குப் போனேன். அவர் விழாவுக்கு வரவில்லை, வர மாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தார். காலி பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"நீயா? மைக்லயா?" என்று வாய்விட்டுச் சிரித்தார். "ஆட்டத்துல ஒரு தபா கத்தியிருந்தா எத்தன கோல் கம்மி வாங்கியிருப்போம், பாவி! சரி, அவரு இன்னா சொன்னாரு?"

"நல்லா பேசினேன்னு சொன்னாருண்ணா. கை தட்டினாங்க."

அவர் சிரிப்பு நின்றது. "அது இருக்கட்டும். வந்தாங்கன்னு சொன்னாரா, இல்லியா?"

"சொல்லல."

"அப்ப இன்னா மயித்துக்குக் கை தட்டினாங்க?" பாட்டிலைப் பெட்டியில் வைத்த சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "நீ எழுதிப் போடுடா. பேசினா கை தட்டிட்டுப் போயிடுவானுங்க. எழுதினா எங்க போவானுங்க?"

அதனால் எழுதுகிறேன். கை தட்டல் எங்களுக்கு வேண்டாம். பயந்துபோய் வரவில்லை என்று இன்னொரு மேடையில் யாராவது சொன்னால், இதைக் கேளுங்கள். அன்றைக்குக் கட்டியிருந்தது பச்சை நைலான் வலை. மலைப்பக்கத்துக் கோலில், இடது மூலையில் ஒரு கிழிசல் இருந்தது. அதைச் சணல் போட்டுக் கட்டியிருந்தார்கள். கேப்டன் பிடித்து இழுத்துப் பார்த்தது அந்த முடிச்சைத்தான். லீக்கில் எங்கள் கோலுக்கென்று கட்டிய வலை அது ஒன்றுதான். வராதவனுக்கு அந்தச் சணல் தெரியாது.